இலுப்பைப் பலகையில் இரண்டு எழுத்து

சாமியின் விலை பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய், வரி தனி. திண்டுக்கல் ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் ஒட்டிய மரப் பட்டியலில் அது இருநூற்றுப் பதினான்காம் எண். இனம் இலுப்பை, சுற்றளவு பதினாறு அடி, உபயோகம் விறகு. இருநூற்றுப் பதின்மூன்று ஒரு வேம்பு. இருநூற்றுப் பதினைந்து ஒரு பழைய விளக்குக் கம்பம்; கொடி படர்ந்து கிடந்ததால் அதையும் மரம் என்று எண்ணி நூற்றுப்பத்து ரூபாய் போட்டிருந்தார்கள். பரவையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்த அந்த இலுப்பையடியைக் கருப்பசாமி கோயில் என்றுதான் சுற்றுப்பட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அங்கே சுவரும் கிடையாது, சிலையும் கிடையாது. மரம்தான் சாமி. லாரி வாங்கலாமா, கிணறு வெட்டலாமா, பெண்ணை அந்த வீட்டில் கொடுக்கலாமா என்று கேட்க வந்தவர்கள் மரத்தைப் பார்த்துத்தான் கேட்டார்கள். 2024ஆம் வருஷம் தை மாதம் அது ஏலத்துக்கு வந்த அன்று பரவை மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் கிலோ முப்பத்தெட்டுக்குப் போனது.

ஏலம் எடுத்தவர் அருள்பாண்டி. பரவையில் மரம் அறுக்கும் மில் வைத்திருப்பவர். வயது ஐம்பத்தெட்டு. ஒரு மரத்தை நின்ற இடத்திலிருந்து பார்த்தே எத்தனை கனஅடி தேறும் என்று சொல்லுவார். அறுத்துப் பார்த்தால் அரை அடிகூடப் பிசகாது. ஏலம் என்பது பேருக்குத்தான். அதற்கு முந்தின நாளே டீக்கடை பெஞ்சில் நாலு வியாபாரிகள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலையை முடித்துக்கொண்டார்கள். மற்ற மூவருக்கும் ஒன்றுதான் புரியவில்லை. ஒரு ரூபாய்க்கு ஒன்பது தடவை இழுக்கிற அருள்பாண்டி அன்றைக்கு விரலை இழுக்கவே இல்லை. ஒதுங்கிக்கொள்ளச் சொல்லி ஆளுக்கு ஐயாயிரம் வேறு கொடுத்தார். சாமி மரத்தில் கைவைக்கப் பயந்துகொண்டிருந்தவர்கள் வந்தவரைக்கும் லாபம் என்று கிளம்பிவிட்டார்கள். காரணம் அருள்பாண்டிக்கு மட்டும்தான் தெரியும். அந்த மரம் ஒரு காரியத்துக்குச் சாட்சி. சாட்சியை விலைக்கு வாங்குவது வியாபாரத்தில் புதிதல்ல.

காரியம் நடந்தது அதற்கு இரண்டு வருஷம் முன்னால். அவருக்கு ஒரே மகன், விக்ரம். டிப்ளமா முடித்துவிட்டு, மில்லில் மரத்தூள் தின்ன மாட்டேன் என்று மதுரையில் ஜப்பான் பாஷை வகுப்பில் சேர்ந்தான். அதே வகுப்பில் வில்லாபுரத்திலிருந்து தமிழ்வாணி என்ற பெண் வந்தாள். அவளுடைய அப்பா இம்மானுவேல் கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். இம்மானுவேலின் அப்பா, தாத்தாவெல்லாம் பரவைப் பக்கம் அருள்பாண்டியின் தாத்தா வயலில் நெல்லுக் கூலிக்கு நின்றவர்கள். அவர்கள் இலுப்பைச் சாமியைக் கும்பிடலாம், ரோட்டைத் தாண்டாமல் எதிர்ப்பக்கம் நின்று. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்ததும், விக்ரம் ஒளிக்காமல் மறைக்காமல் அப்பாவிடம் வந்து சொன்னான்.

அருள்பாண்டி கத்தவில்லை, அரிவாள் தேடவில்லை. சரக்குப் பிடிக்கவில்லை என்றால் வியாபாரி சண்டை போடுவதில்லை, எடைக்கல்லில் கைவைப்பான். “நான் யாருப்பா சொல்றதுக்கு? சாமிகிட்டக் கேப்போம்” என்றார். அந்தப் பக்கத்தில் பூக்கட்டிப் பார்ப்பது என்பார்கள். ஒரு இலைப் பொட்டணத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் மரத்தடியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. பூசாரி விருமாண்டிதான் எப்போதும் பொட்டணம் கட்டுவார்; அன்றைக்கு அவர் கையில் தேள் கடி, வீங்கிக் கிடந்தது. அருள்பாண்டியே கட்டினார். இரண்டிலும் செவ்வரளி வைத்துக் கட்டினார். எடுத்தது அவர் பெண்டாட்டி தமிழ்ச்செல்வி, வெள்ளை வரட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே. சிவப்பு வந்தது. மற்றப் பொட்டணத்தை அருள்பாண்டி எடுத்து மடியில் முடிந்துகொண்டார். விக்ரம் மரத்தைப் பார்த்தான், அப்பாவின் மடியைப் பார்த்தான், “சாமி சொன்னா சரிப்பா” என்றான். மூன்றாம் மாதம் ஜப்பானில் ஷிகோகு என்ற தீவில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில், முதியோர் இல்லத்து வேலைக்குப் போனான். வாரத்துக்கு ஒருமுறை போனில் பேசினான். என்ன சாப்பிட்டாய் என்றால் சோறு என்பான், குளிர்கிறதா என்றால் ஆமாம் என்பான். அதற்கு மேல் அவனிடமிருந்து ஒரு வார்த்தை கறக்க முடியவில்லை.

மரத்தைச் சாய்க்க இரண்டு நாள் ஆனது. இரண்டாம் நாள், தை பதினேழு, மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு அது படுத்தது. சத்தமே வரவில்லை என்று வெட்டியவர்கள் சொன்னார்கள். மில்லுக்குக் கொண்டுவந்து ரம்பத்தில் ஏற்றியது மொக்கையன். முப்பது வருஷமாக அருள்பாண்டியிடம் மரம் அறுக்கிறவர். வலது கையில் மூன்று விரல்தான், ஆனால் வாய் முழுசாக இருந்தது. முதல் பலகை விழுந்ததும் அதன் நடுவில் உள்ளங்கை அளவுக்கு இரண்டு எழுத்து இருந்தது, மையில் தோய்த்து எழுதியதுபோல் கறுப்பாக. முதல் எழுத்தில் இடப்பக்கம் ஒருவன் குனிந்து நின்றான், வலப்பக்கம் நடுவில் கம்பி பாய்ந்த ஒரு ஜன்னல். இரண்டாவது எழுத்து, ஒரு ஆள் கையையும் காலையும் அகட்டி நிற்பதுபோல. “பூஞ்சைண்ணே. உள்ள போகப்போக இருக்காது” என்றார் மொக்கையன். இரண்டாவது பலகையிலும் இருந்தது. வைரம் பாய்ந்த நடுமரம் வரைக்கும், ஒவ்வொரு பலகையிலும் அதே இடத்தில் அதே இரண்டு எழுத்து. இழைப்புளி போட்டு இழைத்தால் சுருள் சுருளாக எழுத்தும் சேர்ந்து உதிர்ந்தது, அடியில் மறுபடி எழுதியிருந்தது.

சேதி கேட்டு விருமாண்டி ஓடிவந்தார். எழுத்தைப் பார்த்ததும் அவருக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. “நம்ம சாமி நம்ம எழுத்துல எழுதக்கூடாதா? இது எந்த ஊரு வழக்கம்?” என்று கேட்டார். மொக்கையன் ரம்பத்தை நிறுத்தாமலே, “அங்கன ஒண்ணுக்குப் போகாதீகன்னு தமிழ்ல நானே போர்டு எழுதி வச்சேன். எவன் படிச்சான்? சாமி அதைப் பாத்துக்கிட்டுத்தான நின்னுச்சு” என்றார். மரம் வாங்க வந்தவர்கள் எழுத்தைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். அருள்பாண்டி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கனஅடிக்கு முந்நூறு ஏற்றினார். முந்நூற்றுப் பன்னிரண்டு பலகை, பதினெட்டே நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது. நிலைக்கும் கதவுக்கும் கட்டிலுக்கும், ஒரு பகுதி உசிலம்பட்டியில் புதிதாகக் கட்டுகிற கல்யாண மண்டபத்துக்கும்.

பத்தொன்பதாம் நாள் ஜப்பானிலிருந்து கடிதம் வந்தது. முதியோர் இல்லத்துக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள், படித்துச் சொன்னது மில்லின் ஆடிட்டர். உங்கள் மகன் ஜனவரி 31 சாயங்காலம் நாலு மணிக்கு மலையேறிப் போனார், அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. இல்லத்துக்குப் பின்னால் உள்ள மலையில், கோயில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். கணுக்கால் வரை மண்ணுக்குள் இருக்கிறது, கூப்பிட்டால் சிரிக்கிறார். பனி கடுமையாக இருந்ததால் போர்வை போர்த்தினோம், தேவைப்படவில்லை. வராத நாட்களைக் கழித்து மீதிச் சம்பளத்தை அனுப்புகிறோம். கூட ஒரு போட்டோவும் இருந்தது. பனிக்குள் விக்ரம் முழங்கால் வரை புதைந்து நின்றான். இடுப்பைச் சுற்றி வைக்கோல் புரியில் தடிமனான கயிறு கட்டி, மடித்து வெட்டிய வெள்ளைக் காகிதங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை நட்டிருந்தது. அதில் அந்த இரண்டு எழுத்து.

அருள்பாண்டி முதலில் செய்தது வியாபாரி செய்கிறதுதான், ஆள் பிடித்தார். சென்னையில் ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தார். படிவத்தில் காணாமல் போனவர், கைது செய்யப்பட்டவர், இறந்தவர் என்று மூன்று கட்டம் இருந்தது. எதிலும் சேரவில்லை என்பதால் அங்கிருந்த அம்மா நல்ல மனசோடு நாலாவதாக ஒரு கட்டம் கையால் போட்டு, நிற்கிறார் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியவில்லை. தேதியைக் கணக்குப் போட்டது தமிழ்ச்செல்விதான். மரம் படுத்த நேரத்தோடு, அந்த ஊரில் நேரம் மூன்றரை மணி நேரம் முந்தி ஓடும் என்பதையும் கூட்டினால், அதே நாள் சாயங்காலம் நாலு மணி, மகன் மலையேறிய நேரம். “எழுத்தைப் படிச்சுப் பாக்கணும்ங்க” என்றாள். மதுரையில் அதைப் படிக்கிற ஆட்களில் அருள்பாண்டிக்குத் தெரிந்தவள் ஒருத்திதான்.

தமிழ்வாணி கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் ஜப்பான் எஞ்சினியர்களுக்கு மொழிபெயர்ப்பாளர். ஒரு துண்டுப் பலகையைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு அருள்பாண்டி கேட்டுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவள் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஹெல்மெட். “சொல்லுங்க சார்” என்றாள். அதில் எந்த உறவும் இல்லை, பழைய தகராறும் இல்லை.

“இது என்ன எழுத்துன்னு சொல்லும்மா. எம்புட்டுக் கேட்டாலும் குடுத்துர்றேன்.”

“கம்பெனில பக்கக் கணக்கு சார். இது ரெண்டு எழுத்து. ஒரு டீ சொல்லுங்க, போதும்.” பலகையை வெளிச்சத்தில் திருப்பினாள். “மொத எழுத்து சாமி. ரெண்டாவது மரம். சேத்து வாசிச்சா ஷின்போகுன்னு சொல்வாங்க. சீனாக்காரங்களும் இதேதான் எழுதுறாங்க, வாசிக்கிறப்ப ஷென்மு. எழுத்து ஒண்ணு, சத்தம்தான் ரெண்டு. சாமியா இருக்கிற மரம்னு அர்த்தம். அந்த ஊர்ல கயிறு கட்டி விட்டுருவாங்க. அப்புறம் யாரும் தொட மாட்டாங்க.” பலகையைக் கீழே வைத்து, “இலுப்பையா?” என்று கேட்டாள்.

அருள்பாண்டி போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவளுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. டீ வந்து, ஆடை படிந்து, ஈ உட்காரும் வரைக்கும் அவள் போட்டோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, அவர் நினைக்காத ஒன்றைக் கேட்டாள்.

“மடியில முடிஞ்சீங்களே, அந்தப் பொட்டணத்துல என்ன பூ சார்?”

நாற்பது வருஷம் விலை பேசிய வாய். பத்துப் பதில் தயாராக இருந்தது. “செவப்பு” என்றார்.

“தெரியும்” என்றாள். “அவனும் கேட்டான், பிரிச்சுப் பாக்கவான்னு. நான்தான் வேணாம்னேன். பிரிச்சா ஒண்ணு அவங்க அப்பா பொய், இல்லாட்டி சாமி பொய். எது பொய்யாப் போனாலும் அவனுக்கு ஊருன்னு ஒண்ணு இருக்காதுல்ல. அதான் பிரிக்காம அனுப்புனேன். உங்க கணக்குல என்னையும் சேத்துக்கங்க.” டீயைக் குடிக்காமல் காசை அவளே கொடுத்துவிட்டுப் போனாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளாகவே மில்லுக்கு வந்தாள். முதியோர் இல்லத்தில் பேசி, மலைக்கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கிழவியின் நம்பரை வாங்கியிருந்தாள். பதினோரு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டார்கள். கிழவி போனைத் தூக்கிப் பிடித்தாள். அங்கே வெயில் அடித்தது. விக்ரமுக்கு நெஞ்சு வரை பட்டை ஏறியிருந்தது. தலைக்கு மேல் கிளை விரித்து, கொத்துக் கொத்தாக இலுப்பைப் பூ பூத்திருந்தது. கீழே பூ உதிர்ந்து கிடந்தது. இது என்ன பூ, சர்க்கரைபோல இனிக்கிறதே என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை என்று கிழவி சொன்னாள். கண் இருந்த இடத்தில் இரண்டு கணு. வாய் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

“சாப்ட்டியாய்யா?” என்று தமிழ்ச்செல்வி கேட்டாள். இரண்டு மூன்று பூ விழுந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

அருள்பாண்டி போனை வாங்கினார். மொக்கையனும் கூலி ஆட்களும் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை. “ரெண்டும் செவப்புதாண்டா. நான்தான் கட்டுனேன். சாமி ஒண்ணும் சொல்லல, அதுகிட்ட யாரும் கேக்கவே இல்ல. வந்துருடா. அந்தப் பிள்ளையவே கட்டிக்க. இந்தா இங்கதான் நிக்குது” என்றார். குரலின் வேகத்தைப் பார்த்து, யாரோ பெரிய வேண்டுதல் வைக்கிறார்கள் என்று நினைத்த கிழவி மரியாதையாகத் தலை குனிந்து, அந்த ஊரில் சாமி கும்பிடுகிற மாதிரி இரண்டு தடவை கை தட்டினாள். மரம் நின்றது. இதற்குள் தமிழ்ச்செல்வி தன் வலது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். பொட்டணத்தை எடுத்த கை. அன்றிலிருந்து அவள் இடது கையால்தான் சாப்பிடுகிறாள், புருஷனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, வேறு வார்த்தையும் சொன்னதில்லை.

“வேரோட தோண்டி எடுத்து அனுப்பச் சொல்லு” என்றார் அருள்பாண்டி. “கப்பல்ல ஏத்தட்டும். எம்புட்டுன்னு கேளு.”

தமிழ்வாணி கேட்டாள். கிழவி பேசியது ரொம்ப நேரம், இவள் சொன்னது கொஞ்சம். “விலை இல்லைங்கிறாங்க.”

“விலை இல்லன்னா? சும்மா குடுக்குறாங்களா, இல்ல குடுக்க மாட்டாங்களா?”

“அந்த ரெண்டு எழுத்தை எழுதிட்டா அப்புறம் விலைப்பேச்சு கிடையாதாம் சார். அந்த ஊர் வழக்கம்.”

“எல்லாத்துக்கும் ஒரு ரேட்டு இருக்கும்மா. சேத்துக் கேளு. மில்லு இருக்கு, ரெண்டு ஏக்கர் இருக்கு. கேளு.” அவள் கேட்கவில்லை. கிழவிக்கு வணக்கம் சொல்லிப் போனை அணைத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை ரம்பத்து மேடையில் உட்கார்ந்திருந்த அருள்பாண்டிக்கு ஒரு யோசனை வந்தது. மகன் இருக்கிற நிலை மரத்தில்தான் எழுதி வந்தது. அப்படியானால் மகன் ஏதாவது சொல்ல நினைத்தாலும் மரத்தில்தான் வர வேண்டும். மறுநாள் கப்பலூருக்குப் போய்த் தமிழ்வாணியிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, அப்பா என்பதற்கு என்ன எழுத்து என்று கேட்டார். மேலே இரண்டு கீற்று, கீழே ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடு, அவ்வளவுதான். அவள் எழுதிக் கொடுத்ததைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருப்பில் இருந்த பலகைகளை ஒவ்வொன்றாக இழைக்க ஆரம்பித்தார். அவற்றில் இல்லை. விற்ற பலகைகளைத் தேடிப் போனார்.

அது ஆயிற்று ஒன்றரை வருஷம். அந்த மில்லில் இப்போது வேறு மரம் அறுபடுவதில்லை. சமயநல்லூரில் ஒரு வீட்டு வாசற்கதவைக் கழற்றிக்கொண்டு புதுக்கதவு மாட்டிக் கொடுத்தார். வாடிப்பட்டியில் புதுப் பெண் மாப்பிள்ளை படுத்திருந்த கட்டிலுக்கு இரண்டு மடங்கு விலையும் ஒரு பீரோவும் கொடுத்தார். ஊரில் முதலில் சிரித்தார்கள், பிறகு விலையை ஏற்றினார்கள், பிறகு இலுப்பையே அல்லாத பலகையை எல்லாம் எழுத்து எழுதிக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஏக்கர் போயிற்று. நாலுவழிச் சாலை திறந்து, மரம் நின்ற இடத்தில் வண்டிகள் தொண்ணூறில் போகின்றன. தமிழ்வாணி மாதம் இரண்டு ஞாயிறு வருகிறாள். காசு வாங்குவதில்லை, காப்பி குடிப்பதில்லை. இழைத்த பலகையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவளுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்தார்கள், வேண்டாம் என்றுவிட்டாள். கிழவி அனுப்புகிற போட்டோவில் இப்போது முகம் என்று எதுவும் இல்லை, நல்ல மரம், இருபதடி இருக்கும். போன பங்குனியில் அந்த ஊர்ப் பிள்ளைகள் பூப் பொறுக்கித் தின்கிற படமும் வந்தது. எல்லாம் வழக்கம்போல நடக்கிறது. மொக்கையன்தான் சுண்ணாம்புக் கட்டியால் மில் சுவரில் கணக்கு எழுதி வைக்கிறார்.

புரட்டாசி கடைசி ஞாயிறு வரைக்கும் சுவரில் உள்ளது இது. அறுத்த பலகை முந்நூற்றுப் பன்னிரண்டு. திரும்பி வந்து இழைத்துப் பார்த்தது இருநூற்றுத் தொண்ணூற்றேழு. அதில் சாமி மரம் என்று எழுதியிருந்தது இருநூற்றுத் தொண்ணூற்றேழு. அப்பா என்று எழுதியிருந்தது இல்லை. அடுப்பில் எரிந்துபோனது நாலு. உசிலம்பட்டிக் கல்யாண மண்டபத்தின் பெரிய கதவில் இருப்பது பதினொன்று. அந்த மண்டபத்துக்காரர் எந்த விலைக்கும் தருவதாக இல்லை. பாக்கி பதினொன்று.